புரையேறினால் யார் நினைக்கிறார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண விருந்தில் எனக்குக் கெட்ட பெயர் கிடைத்தது.

சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். இரண்டாவது பந்தி. எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா பாயசத்தைக் குடித்துக்கொண்டே யாருக்கோ பதில் சொன்னார். புரையேறிவிட்டது. கண் சிவந்து, முகம் கறுத்து, மனிதர் தவித்துப் போனார்.

அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? நான்கு கைகள் அவருடைய உச்சந்தலைக்குப் போயின. யாரோ நினைக்கிறாங்க என்றது ஒரு குரல். மேலே பாருங்க, மேலே பாருங்க என்றது இன்னொன்று. மூன்றாவது ஆள் தண்ணீர் டம்ளரோடு ஓடி வந்து அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

நான் எழுந்து போய் டம்ளரை ஒதுக்கினேன். தலையில் இருந்த கைகளை எடுத்துவிட்டேன். அவரை முன்னால் சாய்த்து, குனிந்து நன்றாக இருமச் சொன்னேன். அரை நிமிஷத்தில் சரியாகிவிட்டது.

ஆனால் மாப்பிள்ளையின் அத்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை.

"தவிக்கிற மனுசனுக்குத் தண்ணி குடுக்க விட மாட்டேங்கிறீங்களே. நீங்க என்ன டாக்டரா?"

"இல்லைங்க. பேப்பர்காரன்."

"அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த அம்மாள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் என்றால் நானும்தான் தட்டியிருப்பேன். தட்டியிருப்பேன் என்ன... தட்டினேன். ஒரே மனிதரின் தலையில், ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஆறு மாதம். இந்த வாரப் பத்தியில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். இன்றும் இருக்கிறோம். பலகைத் தரை, ஆறு கயிற்றுக் கட்டில், ஒரு ஜன்னல், ஒரு பித்தளைச் செம்பு. குடும்பமெல்லாம் ஊரில். கீழே அஞ்சடியில், அதாவது கடைக்கு முன்னால் உள்ள நடைபாதையில், காதர் பாயின் சரபத் கடை. பெயர்தான் சரபத், விற்பது தேத்தண்ணி. கடைக்கு உட்பக்கம்தான் அவருடைய படுக்கை. எனவே எங்கள் வீட்டுக் கணக்கில் அவரையும் சேர்த்து ஏழு.

எங்களில் பிரபலமானவர் நான் இல்லை. சண்முகம் அண்ணன்தான். பஸ் கண்டக்டர். "தேக்கா! தேக்கா!" என்று எங்கள் வட்டாரத்தின் பெயரை அவர் குரல் கொடுத்தால் அடுத்த ஸ்டாப்பில் இறங்க வேண்டியவர்களும் பயந்து இறங்கிவிடுவார்கள். தமிழ், மலாய், ஹொக்கியன் என்று மூன்று மொழியில் அதட்டுவார். மூன்றிலும் ஒரே அதட்டல்.

முதலில் அவருடைய வலது கையிலிருந்து டிக்கெட்டில் ஓட்டை போடும் பஞ்ச் நழுவி விழ ஆரம்பித்தது. பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மாரிமுத்து போட்டுவிடுவான். மாரிமுத்து எங்கள் அறையில் இளையவன், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். பொத்தான் போடும்போதே, "என்னண்ணே, மாப்பிள்ளைக் கோலமா?" என்று கேலி செய்வான். நாங்களும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

பிறகு நாக்கு குழறியது. குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார் என்று பயணிகள் புகார் எழுதினார்கள். கம்பெனி இரண்டு முறை எச்சரித்து, மூன்றாவது முறை வீட்டுக்கு அனுப்பியது. கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத மனிதர். கம்பெனியைச் சொல்வானேன்? நானே ஒரு நாள் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது மெதுவாக முகத்தை நீட்டி முகர்ந்து பார்த்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தீபாவளி சமயத்திலிருந்து சாப்பிடும்போது புரையேற ஆரம்பித்தது. தண்ணீர் குடித்தால் புரையேறும். தேத்தண்ணி குடித்தால் புரையேறும். நாங்கள் தலையில் தட்டுவோம். "அக்கா நினைக்கிறாங்க போல" என்பான் மாரிமுத்து. அக்கா என்றால் அண்ணனின் மனைவி அஞ்சலை. மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார்.

அண்ணனுக்கு ஊருக்குக் கடிதம் எழுதித் தருவது நான்தான். ஒரு கடிதத்தில், இப்போதெல்லாம் ஒவ்வொரு வேளையும் உன் நினைப்பு எனக்குத் தெரிகிறது என்று வேடிக்கையாக ஒரு வரி சேர்த்தேன். அதைப் படித்துக் காட்டியபோது அண்ணன் வெட்கப்பட்டார். நினைக்காமல் எப்படி இருப்பது என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை அறையில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு காய்ச்சல் வந்தது. நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குணமாகித் திரும்பினார். ஐந்து வாரத்தில் மறுபடியும் அதே காய்ச்சல்.

இரண்டாவது தடவைதான் பெரிய டாக்டர் பார்த்தார். மோட்டார் நியூரோன் நோய் என்றார். கை, கால், நாக்கு, தொண்டை ஆகியவற்றை அசைக்கச் சொல்லும் நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டுக்கொண்டே போகும். மருந்து கிடையாது. திரும்பியும் வராது. ஆனால் புத்தி தெளிவாக இருக்கும். பார்ப்பது, கேட்பது, நினைப்பது எதுவும் மாறாது. இதையெல்லாம் அண்ணனின் கட்டில் பக்கத்தில் நின்றே சொன்னார். சண்முகம் அண்ணன் என்னைத்தான் பார்த்தார். முகர்ந்து பார்த்த மூக்கைத்தான் பார்க்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது.

அடுத்து ஆஸ்பத்திரி அல்மோனர் எங்களைக் கூப்பிட்டார். நோயாளி எங்கே போவது, யார் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்கிற அதிகாரி. சீன அம்மாள். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. இந்த மாதிரி நோயாளிகளை வைத்துப் பார்க்க ஒரு விடுதி இருக்கிறது, தீவின் அந்தக் கோடியில், அங்கே அனுப்பலாம் என்றார். சொந்தக்காரர்கள் இருந்தால்தான் வீட்டுக்கு விட முடியும். நீங்கள் என்ன உறவு?

நான் ஆங்கிலத்தில் ஏதோ நீட்டி முழக்க ஆரம்பித்தேன். மாரிமுத்து குறுக்கே புகுந்து மலாயில் முடித்துவிட்டான். "சாத்து பிலிக்."

ஒரே அறை. அவ்வளவுதான் எங்கள் உறவு.

அல்மோனர் அண்ணனிடமே கேட்டார். அவருக்கு ஒரு வாக்கியம் சொல்ல இரண்டு நிமிஷம் பிடிக்கும். அன்றைக்கு இரண்டு வாக்கியம் சொன்னார்.

"பேச்சு... போய்க்கிட்டிருக்கு. மிச்சம் இருக்கிறது புரியற ஆளுங்க... இவங்கதான்."

நான்தான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். நீங்கள் மூன்று பேர் மூன்று வாரம் காலையில் வார்டுக்கு வர வேண்டும். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், சொல்லித் தருவார். கடைசி நாளில் எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும், மிஸ்ஸி கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். அவர் கையெழுத்துப் போட்டால் வீடு. போடாவிட்டால் விடுதி.

நான், மாரிமுத்து, காதர் பாய். எனக்கு வேலை மாலையில். மாரிமுத்து மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டான். காதர் பாய், காலைப் பசியாற வருகிற கூட்டம் ஓய்ந்ததும் கடையில் சாக்குத் திரையை இழுத்துவிட்டு வந்துவிடுவார்.

மிஸ்ஸியின் பெயர் தங்கம். ஈப்போக்காரர். நாற்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, நெஞ்சில் தலைகீழாகத் தொங்கும் கடிகாரம். தமிழ்தான் பேசுவார். ஆனால் தேவையில்லாமல் ஒரு சொல்லும் பேச மாட்டார். என் சப்-எடிட்டரை எனக்கு ஞாபகப்படுத்தினார்.

முதல் நாள், நீங்கள் வீட்டில் எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள் என்றார். செய்தோம். நான்கு வாய் கஞ்சி ஊட்டினேன். பிறகு மாரிமுத்து அண்ணனின் தலையை நிமிர்த்திப் பிடித்தான். நான் செம்பை உயரத் தூக்கி வாயில் தண்ணீர் ஊற்றினேன். ஆறு பேர் புழங்குகிற செம்பு. உதட்டில் பட்டால் எச்சில். அண்ணாந்து குடிப்பதுதான் அறையின் சட்டம். நோயாளி என்பதற்காக அவரை மரியாதைக்குறைவாக நடத்தலாமா?

புரையேறியது. மாரிமுத்து தலையில் தட்டினான். "அக்கா நினைக்கிறாங்கண்ணே." நாங்கள் மூவரும் சிரித்தோம். இருமிக்கொண்டே அண்ணனும் சிரிக்கப் பார்த்தார்.

மிஸ்ஸி சிரிக்கவில்லை.

"அந்த அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை நினைப்பாங்க?"

சாப்பிடும்போதெல்லாம் என்றேன்.

"எவ்வளவு நாளா?"

தீபாவளியிலிருந்து என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

"அவங்க நினைக்கலை. தண்ணி நுரையீரலுக்குப் போகுது. ரெண்டு தடவை காய்ச்சல் வந்ததும் அதனாலதான். ஆறு மாசமா இவரு கொஞ்சம் கொஞ்சமா முங்கிக்கிட்டு இருக்காரு. நீங்க மூணு பேரும் கரையில நின்னு தலையில தட்டிக்கிட்டு இருக்கீங்க."

அண்ணன்தான் முதலில் தலையை அசைத்தார். ஆமாம் என்று. அவருக்குத் தெரிந்திருக்கிறது. சொல்வதற்குத்தான் வாய் ஒத்துழைக்கவில்லை. நாங்கள் காட்டிய பிரியத்தைக் கெடுக்கவும் மனம் வரவில்லை போலிருக்கிறது.

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். "நீங்க பேப்பர்ல இருக்கறதா சொன்னாங்க. எப்ப புரையேறுது, எதுக்குப் புரையேறுதுன்னு ஒரு தடவையாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா?"

இல்லை. கம்பத்துக் குடிசைகளில் தீப்பிடித்தால் எத்தனை வீடு, எந்தப் பக்கம் காற்று என்று எழுதுகிறவன் நான். என் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் ஆறு மாதமாக ஒரு செய்தி கிடந்தது. நான் அதைக் கடிதத்துக்கு வேடிக்கை வரியாக்கியிருந்தேன்.

மூன்று நாள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். மிஸ்ஸி ஊட்டினார், நான் எழுதினேன். நான்காம் நாள் படித்தால் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. தண்ணீரும் தேத்தண்ணியும்தான் எதிரி, கூழான கஞ்சி ஒன்றும் செய்வதில்லை. தலை நிமிர்ந்தால் நிச்சயம் புரையேறும். யாராவது சிரிப்பு மூட்டினால் ஏறும். அரை மணிக்கு மேல் சாப்பாடு நீண்டால் களைத்துப்போய் ஏறும். நாங்கள் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தோம்? தலையை நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றி, சிரிப்பு மூட்டி, "இன்னும் ரெண்டு வாய்" என்று ஒரு மணி நேரம் இழுத்தோம். இதைவிடக் கச்சிதமாக ஒரு தவறைச் செய்ய முடியாது.

நீங்களும் இப்போதே செய்து பாருங்களேன். முகட்டைப் பார்த்துக்கொண்டு எச்சிலை விழுங்குங்கள். கஷ்டமாக இருக்கிறதா? இப்போது முகவாயை நெஞ்சுப் பக்கம் இறக்கிக்கொண்டு விழுங்குங்கள். சுலபம். ஆரோக்கியமான நமக்கே இவ்வளவு வித்தியாசம் தெரிகிறது.

தலையைக் குனியவைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. உடனே அடுத்த சிக்கல். டம்ளரை உதட்டில் வைத்துச் சாய்த்தால் பாதியில் விளிம்பு மூக்கில் இடிக்கிறது. மூக்கில் இடித்தால் தலை தானாக நிமிர்கிறது. மிஸ்ஸியே யோசித்தார். வார்டில் இருந்த மூக்கு வைத்த கிண்ணத்தால் கொடுத்தால், வேகமாகக் கொட்டுகிறது.

வழி கண்டுபிடித்தவர் காதர் பாய்.

அவர் கடையில் காலி பால் டின்களுக்குப் பஞ்சமில்லை. தேத்தண்ணி வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு டின்னில் ஊற்றி, மேலே கயிறு கட்டிக் கொடுப்பார். மறுநாள் ஒரு டின்னோடு வந்தார். விளிம்பில் ஒரு பக்கம், அரைச் சந்திரன் மாதிரி வெட்டியிருந்தது. வெட்டிய ஓரத்தைத் தகரக் கடையில் மடித்து அடித்து, தன் உதட்டிலேயே நாலு தடவை வைத்துப் பார்த்து வழவழப்பாக்கியிருந்தார்.

"மூக்குக்குக் கதவு வச்சிருக்கேன் மிஸ்ஸி" என்றார்.

உள்ளே தேத்தண்ணி, கூவைக்கிழங்கு மாவு கரைத்துக் கெட்டியாக்கியது. மிஸ்ஸி டின்னை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். அண்ணனின் முகவாயை இறக்கி, வெட்டுப் பக்கம் மூக்கு வரும்படி வைத்து, மெதுவாகச் சாய்த்தார். தலை நிமிரவில்லை. ஒரு விழுங்கு. காத்திருந்தோம். இன்னொரு விழுங்கு. டின் காலியாகும்வரை ஓர் இருமல் இல்லை.

ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த மனிதர் ஒரு தேத்தண்ணியை முழுதாகக் குடித்திருக்கிறார். எப்படி இருக்கிறது என்று காதர் பாய் ஆவலாகக் கேட்டார். அண்ணன் நேரம் எடுத்துக்கொண்டு சொன்னார்.

"பசை."

தேத்தண்ணி ஆற்றுவதில் தேக்கா முழுக்கப் பெயர் வாங்கிய காதர் பாய்க்கு முகம் விழுந்துவிட்டது. "குடிச்சிட்டுச் சொல்றதைப் பாரு லா" என்றார். ஆனால் மறுநாளிலிருந்து ஏலக்காய் போட்டார்.

தூக்குவது மாரிமுத்துவின் பாடம். அவனுக்கு அதில் கர்வம். இதுக்கெல்லாம் எனக்குப் பாடமா என்ற பாவனையில், அக்குளில் கை கொடுத்து அண்ணனை ஒரே தூக்காகத் தூக்கி நாற்காலியில் வைத்தான். அண்ணனின் முகம் சுளித்தது. மிஸ்ஸி, காலியாக இருந்த பக்கத்துக் கட்டிலில் மாரிமுத்துவைப் படுக்கச் சொன்னார். கையையும் காலையும் தொளதொளவென்று விட்டுவிட வேண்டும், உதவக் கூடாது. என்னையும் காதர் பாயையும் அவனை அவன் முறையிலேயே தூக்கச் சொன்னார். தூக்கினோம். தோள்பட்டை பிய்ந்துவிடும் போல் இருக்கிறது என்று கத்தினான்.

"மூட்டை கத்தாது" என்றார் மிஸ்ஸி. "அதான் வித்தியாசம்."

அதற்குப் பிறகு அவன் முட்டியை மடக்கி, அண்ணனின் இடுப்பில் துண்டைச் சுற்றிப் பிடித்து, தூக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தூக்குவான்.

என் பாடம் இரண்டாவது வாரத்தில் வந்தது. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார் மிஸ்ஸி. காதர் பாய் எனக்குக் கஞ்சி ஊட்ட வேண்டும். நான் பேசக் கூடாது. காதர் பாய் நல்ல மனிதர். ஆனால் அவர் கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். நாகூரில் இருக்கும் மச்சான் கதையைச் சொல்லிக்கொண்டே கரண்டி கரண்டியாகத் தள்ளினார். முதல் வாயை நான் விழுங்குவதற்குள் இரண்டாவது உதட்டில் நின்றது. போதும் என்று சொல்ல வாய் இல்லை, தடுக்கக் கை இல்லை. ஐந்தாவது கரண்டியில் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. அன்பாகத்தான் ஊட்டுகிறார். அதுதான் பயம்.

"நிறுத்துன்னு சொல்ல இவருக்கு ஒரு வழி வேணும்" என்றார் மிஸ்ஸி.

நான் எழுத்து அட்டை தயாரிக்கலாம் என்றேன். பத்திரிகைக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? ஒரு பெரிய அட்டையில் அ முதல் னௌ வரை கட்டம் போட்டு எழுதிக்கொண்டு போனேன். அண்ணன் "நிறுத்து" என்பதில் "று"வுக்கு வருவதற்குள் காதர் பாய் மூன்று கரண்டி கொடுத்திருப்பார்.

மிஸ்ஸி அட்டையை ஓரமாக வைத்துவிட்டு அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன வழி என்று அவரையே கேட்டார். பதிலுக்காகக் காத்திருந்தார். நாங்கள் அவர் பேசத் தொடங்கினால் பாதியிலேயே வார்த்தையைப் பிடுங்கி நாங்களே முடித்துவிடுவோம். மிஸ்ஸி அப்படிச் செய்யவே மாட்டார்.

அண்ணன் பேசவில்லை. வலது குதிகாலைத் தூக்கி நாற்காலியின் கால்பலகையில் தட்டினார். ஒரு தட்டு. எங்களைப் பார்த்தார். பிறகு இரண்டு தட்டு.

மாரிமுத்துவுக்குத்தான் முதலில் புரிந்தது. பஸ் மணி! ஒரு மணி அடித்தால் டிரைவர் நிறுத்த வேண்டும். இரண்டு மணி அடித்தால் போகலாம். பதினான்கு வருஷம் அவர் அடித்த மணி. மணியடித்தால் நிறுத்தாத டிரைவரை மூன்று மொழியில் வாங்கு வாங்கென்று வாங்குவார்.

"அப்ப நான் டிரைவரா?" என்றார் காதர் பாய்.

இரண்டு தட்டு.

அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் எங்களுக்கு மேலே ஒரு கண்டக்டர் இருந்தார். அவர் இரண்டு தட்டாமல் கரண்டி நகராது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் அந்த மனிதரின் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். அதுவரை நாங்கள் பார்த்துக்கொள்கிற ஆளாக இருந்தார். இப்போது வண்டி அவருடையது.

கடைசி நாள் வந்தது. அல்மோனர் கதவருகே நின்றார். மிஸ்ஸி சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டார். மாரிமுத்து சொல்லிவிட்டுத் தூக்கி, நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தான். காதர் பாய் கஞ்சி. நான் நேரம் பார்க்கிறவன். எல்லாம் ஒழுங்காகப் போனது. டின்னை எடுத்தபோது காதர் பாயின் கண் அல்மோனர் பக்கம் போனது. கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்துவிட்டது.

அண்ணன் ஒரு தட்டு தட்டினார். காதர் பாய் உடனே நிறுத்தினார். ஆனாலும் இருமல் வந்துவிட்டது.

மாரிமுத்துவின் வலது கை மேலே எழுந்தது. எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. பிறந்ததிலிருந்து பழகிய கை, தானாகவே அண்ணனின் உச்சந்தலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அல்மோனர் பார்க்கிறார். மிஸ்ஸி பார்க்கிறார். இதில் தோற்றால் தீவின் அந்தக் கோடி.

கை அந்தரத்தில் நின்றது. ஒரு நொடி. பிறகு இறங்கி, அண்ணனின் முதுகுக்குப் போய், அவரை மெதுவாக முன்னால் சாய்த்தது. இன்னொரு கை நெற்றியைத் தாங்கிக்கொண்டது. அண்ணன் இருமினார், இருமினார், தொண்டை தெளிந்தது. மூச்சு சீராகும்வரை நாங்கள் அப்படியே நின்றோம்.

பிறகு குதிகால் தட்டியது. இரண்டு.

மிஸ்ஸி அல்மோனரிடம் பேனாவைக் கேட்டார்.

கையெழுத்துப் போட்ட பிறகு எங்களை வராந்தாவுக்கு அழைத்து, ஏமாற்றாமல் சொன்னார். "இது நல்லாகாது. அடுத்த மாசம் இன்னும் ஏதாவது ஒண்ணு குறையும். குறைஞ்சா பயந்துக்காதீங்க, வந்து சொல்லுங்க. அதுக்கு ஒரு வழி கத்துக்கலாம்."

அதைவிட நம்பிக்கையான பேச்சை நான் சமீபத்தில் கேட்டதில்லை.

அவர் சொன்னபடிதான் நடந்தது. இன்று அந்தக் குதிகாலும் ஓய்ந்துவிட்டது. போய்ச் சொன்னோம். இப்போது ஓர் இமைப்பு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. நுரையீரல் காய்ச்சல் மட்டும் அப்புறம் வரவே இல்லை. ஒன்றரை வருஷமாக அதே ஜன்னல், அதே கட்டில். வாரத்துக்கு ஒரு நாள் மாரிமுத்துவும் நானும் நாற்காலியோடு அவரைக் கீழே இறக்கி அஞ்சடியில் உட்காரவைக்கிறோம். பழைய டிரைவர்கள் வந்து போகிறார்கள். புகார் எழுதியவர்களில் ஒருவர்கூட வந்தார். காதர் பாய் சனிக்கிழமை காலையில் மிஸ்ஸியின் வார்டுக்குப் போய், நோயாளிகளின் வீட்டாருக்கு ஊட்டுவது எப்படி என்று பாடம் நடத்துகிறார். வெட்டின டின்கள் ஒரு பை நிறைய எடுத்துப் போவார். முதல் பாடமாக, எல்லாரையும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்கிறாராம். மச்சான் கதையைச் சொல்வதில்லையாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது, குதிகால் இன்னும் தட்டிக்கொண்டிருந்த நாளில் வந்த ஒரு கடிதத்தைப் பற்றி.

வீட்டுக்கு வந்து பத்தாவது நாள் இருக்கும். காலைக் கஞ்சி முடிந்து, அண்ணன் என்னைப் பார்த்து எதையோ சொல்லத் தொடங்கினார். நான் பாதியில் பிடுங்காமல் காத்திருந்தேன். அதுவும் மிஸ்ஸியின் பாடம்தான்.

"பத்து நாளா... புரையேறலை. அஞ்சலை... மறந்துட்டாளான்னு... எழுதிக் கேளு."

கண்ணில் பழைய கண்டக்டர் குறும்பு. மாரிமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் குறும்புக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. ஆறு மாதம் தன்னை மூச்சுத் திணறவைத்த அந்த நினைப்பு, அவருக்கு ஊரோடு இருந்த ஒரே தொடர்பாகவும் இருந்திருக்கிறது. நாங்கள் அதை நிறுத்திவிட்டோம்.

அன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். நோயின் பெயர், அது எங்கே போய் முடியும் என்பது, டின், மணி, எல்லாம். முந்தைய கடிதத்தில் நான் வேடிக்கையாக எழுதியது தப்பு என்றும் எழுதினேன். கடைசியில் அவர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அஞ்சலை அக்காவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டுப் பெண் எழுதியிருந்தது. நான்கே வரி. அண்ணனின் கட்டிலில் உட்கார்ந்து படித்தேன்.

விஷயமெல்லாம் தெரிந்துகொண்டேன். பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் புண்ணியம். நான் மறக்கவில்லை என்று சொல்லவும். இனிமேல் சாப்பாட்டு வேளையை விட்டுவிட்டு, மற்ற வேளையெல்லாம் நினைத்துக்கொள்கிறேன் என்று சொல்லவும்.

பலகைத் தரையில் குதிகால் தட்டியது. இரண்டு தட்டு.

மறுபடி முதலிலிருந்து படித்தேன்.